அதிகாலை மூன்று மணிக்கு ஏன் ஒரேயொரு பொலிஸ் அதிகாரி வந்தார்?

வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாயார் அனுப்பியிருக்கும் கேள்வி, அதை வாசித்த நாள் முதல் என்னை விட்டு அகலவில்லை. அவருடைய மகள் அமெரிக்காவில் ஒரு சிறிய நகரத்தில் குடும்பத்தோடு வசிக்கிறார். ஓர் அதிகாலை மூன்று மணிக்கு யாரோ வீட்டின் பின்கதவை உடைக்க முயன்றிருக்கிறார்கள். 911 இலக்கத்துக்கு அழைத்ததும் ஒரேயொரு அதிகாரி தனியாகக் காரில் வந்து, சுற்றிப் பார்த்து, விவரங்களை எழுதிக்கொண்டு போயிருக்கிறார். மறுநாள் மகள் அவரைத் தொலைபேசியில் கேட்டபோது, இன்னும் மூன்று நாட்களுக்கு அவர் கடமைக்கு வரமாட்டார் என்று சொல்லியிருக்கிறார்கள். ‘இவ்வளவு வசதியான நாட்டில் இவ்வளவு அலட்சியமா, ஐயா?’ என்று அந்தத் தாயார் கேட்கிறார்.

அம்மா, அலட்சியம் என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னர் அந்த நகரத்தின் ரோந்துப் பிரிவு எப்படி அமைந்திருக்கும் என்பதைப் பார்ப்போம். வெள்ளவத்தையானாலும் கொட்டாஞ்சேனையானாலும் இங்குள்ள ஒவ்வொரு பொலிஸ் நிலையமும் பொலிஸ் மா அதிபரின் கீழ் இயங்கும் ஒரே சேவையைச் சேர்ந்தது. ஓரிடத்தில் ஆள் போதாவிட்டால் இன்னோரிடத்திலிருந்து அனுப்பலாம், பொறுப்பதிகாரியையே இடம் மாற்றலாம். அமெரிக்காவிலோ ஏறத்தாழ 18,000 அமைப்புகள் தனித்தனியே இயங்குகின்றன. உள்ளூர்ப் பொலிஸ் திணைக்களங்களில் ஏறக்குறைய பாதியில் முழுநேர அதிகாரிகள் பத்துப் பேர்கூட இல்லை. நகர சபை எத்தனை பேருக்குச் சம்பளம் ஒதுக்குகிறதோ அத்தனை பேர்தான். அவசரத்துக்குப் பக்கத்து நகரம் கைகொடுக்கும். அன்றாடக் காவலுக்கு அது வராது.

இனி, நம்முடைய பழைய கணக்குக்கு வருவோம். வைத்தியசாலைத் தாதியரைப் பற்றிப் பேசியபோது இதைச் சொன்னேன், ரயில் சமிக்ஞை அறையைப் பற்றிப் பேசியபோதும் சொன்னேன், தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு மனப்பாடமாகியிருக்கும்: இரவும் பகலும் ஓர் இருக்கை காலியாகாமல் இருக்க வேண்டுமானால் அதற்கு ஐந்து பேர் வேண்டும். ஓர் ஆண்டில் 8,760 மணித்தியாலங்கள் இருக்கின்றன. வாரத்துக்கு 40 மணித்தியாலம் வேலை செய்பவர் ஆண்டுக்கு 2,080 மணித்தியாலத்துக்குச் சம்பளம் பெறுகிறார். அதில் விடுமுறை, சுகயீனம், பயிற்சி, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போகும் நேரம் எல்லாவற்றையும் கழித்தால் 1,750 அளவில்தான் மிஞ்சும். அந்த 8,760ஐ இதனால் வகுத்துப் பாருங்கள்.

உதாரணத்துக்கு, 40 அதிகாரிகள் உள்ள ஒரு திணைக்களத்தை எடுத்துக்கொள்வோம். தலைமை அதிகாரி, நிர்வாகம், துப்பறிவாளர்கள், பாடசாலைக் கடமையில் இருப்பவர்கள், பயிற்சியில் இருக்கும் புதியவர்கள் என்று கழித்துக்கொண்டே வந்தால், ரோந்துக்கு 24 பேர் எஞ்சலாம். ரோந்துப் பிரிவுக்குப் பொறுப்பாக ஒரு கப்டன் இருப்பார். பகலுக்கும் இரவுக்கும் அவருக்குக் கீழே ஒவ்வொரு லெப்டினன்ட். அவர்களுக்கும் கீழே நான்கு அணிகள். அணிக்கு ஒரு சார்ஜன்ட், ஐந்து அதிகாரிகள். நகரம் சில பீட்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொரு பீட்டும் ஒரு காரின் பொறுப்பு.

இத்தகைய இடங்களில் பன்னிரண்டு மணித்தியாலக் கடமை முறை மிகவும் பரவலாக இருக்கிறது. இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு, மூன்று நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு, இரண்டு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்று பதினான்கு நாளில் ஒரு சுற்று முடியும். மொத்தம் 84 மணித்தியாலங்கள். பொலிஸாருக்கு 14 நாளில் 86 மணித்தியாலத்தைத் தாண்டினால்தான் மேலதிக நேரச் சம்பளம் என்கிற மத்திய சட்டத்துக்குள் அது அடங்கிவிடுகிறது. உங்கள் மகளிடம் வந்தவர் அந்த மூன்று நாள் ஓய்வுக்குப் போயிருப்பார். ஆனால் அவர் எழுதிய அறிக்கை ஓய்வெடுப்பதில்லை. சார்ஜன்ட் அதைச் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பார். தேவையென்றால் அது துப்பறிவாளரிடம் போகும். ஆகவே மகள் அதிகாரியின் பெயரைத் தேடுவதை விட்டு, அறிக்கையின் இலக்கத்தைச் சொல்லி விசாரிக்கட்டும்.

அங்கே பல நகரங்களில் பொதுமக்கள் விண்ணப்பித்து, ஓர் அதிகாரியோடு ரோந்துக் காரில் கூடவே போய்வரலாம். உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது அப்படி ஒரு மாலைக் கடமையில் நானும் போயிருக்கிறேன். முதலில் ஒரு சிறிய அறையில் சார்ஜன்ட் முந்திய கடமையில் நடந்தவற்றையும் களவுபோன வாகனங்களின் இலக்கங்களையும் வாசித்துக் காட்டினார். பிறகு என்னோடு வந்த அதிகாரி காரின் விளக்குகளையும் சைரனையும் சோதித்துவிட்டு, பின் ஆசனத்தை மெத்தையோடு தூக்கி, கையுறை அணிந்த விரல்களால் இடுக்கெல்லாம் தடவிப் பார்த்தார். முன்பு ஏற்றிச் செல்லப்பட்ட எவராவது போதைப்பொருளையோ கத்தியையோ ஒளித்துவிட்டுப் போயிருந்தால், பின்னர் அது யாருடையது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. இரவில் கைதான ஒருவரை இறக்கிவிட்ட பிறகும், அவர் மறுபடி ஆசனத்தைத் தூக்கித் தடவினார். தனியே வேலை செய்பவருடைய ஒழுங்கை அன்று நேரில் பார்த்தேன்.

தனியே வருவதற்கும் காரணம் உண்டு. காருக்கு ஒருவரா, இருவரா என்பதை 1970களில் சான் டியேகோ நகரத்தில் ஆராய்ந்தபோது, ஒருவர் செல்லும் கார் செயல்திறனில் குறையவில்லை, செலவில் குறைகிறது என்று தெரிந்தது. ஆபத்தான அழைப்பென்றால் இரண்டாவது கார் பின்னால் வரும். இப்போது அந்த அதிகாலையை நினைத்துப் பாருங்கள். ஆறு பேரில் ஒருவர் விடுமுறையில், ஒருவர் சார்ஜன்ட், மிச்சம் நான்கு கார்கள். எங்கோ கணவன் மனைவி சண்டை என்றால் அதற்கு இரண்டு கார்கள் போயாக வேண்டும். குடிபோதையில் வாகனம் ஓட்டிய ஒருவரைச் சிறைக்குக் கொண்டுபோன மூன்றாவது கார் திரும்புவதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகலாம். நான்காவது காரில் இருந்தவர்தான் உங்கள் மகளின் வாசலுக்கு வந்தவராக இருக்கக்கூடும். 24 பேரை ஐந்தால் வகுத்தால் ஐந்து இருக்கைகள்கூட முழுதாக நிறைவதில்லை என்று நான் விடாமல் சொல்வது இதற்காகத்தான்.

நீங்கள் அலட்சியத்தைப் பற்றிக் கேட்டீர்கள். என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, இந்த எண்ணிக்கையை யார் தீர்மானிக்கிறார்கள் என்பது. அதிகம் பேரைத் தெருவில் சுற்றவிட்டால் குற்றம் தானாகக் குறைந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். 1972, 73இல் கன்சாஸ் நகரத்தில் 15 பீட்களை வைத்து நடத்திய சோதனையில், வழமையான ரோந்தைக் கூட்டியபோதும் நிறுத்தியபோதும் குற்ற அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் கதவை ஒருவன் உடைக்கும் நேரத்தில் அழைப்பை ஏற்க ஒரு கார் ஓய்வாக இருப்பது வேறு விடயம். அது நகர சபையின் வரவு செலவுத் திட்டத்தில் தீர்மானமாகிறது. அந்தக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. பொதுவாக, பேச விரும்பும் குடியிருப்பாளருக்கு அங்கே சில நிமிடங்கள் கொடுப்பார்கள், குடியுரிமை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. உங்கள் மகள் போய் இரண்டே கேள்விகள் கேட்கட்டும்: நள்ளிரவுக்குப் பிறகு குறைந்தது எத்தனை கார்கள் தெருவில் இருக்க வேண்டும் என்று நிர்ணயித்திருக்கிறீர்கள்? அந்த எண்ணிக்கை குறையும் இரவில், மேலதிக நேரச் சம்பளம் கொடுத்து இன்னொருவரை அழைக்கிறீர்களா, இல்லையா?