ஆழம் பார்க்கும் கோல் யார் கையில்?

கூட்டத்தின் தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கி அமர்ந்திருக்கும் தொழில் வணிகச் சங்கப் பொறுப்பாளர்களே, எனக்கு முன் கடன் மதிப்பீடு பற்றி அருமையாகப் பேசி அமர்ந்த வங்கித்துறைப் பெரியவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் தொழில்முனைவோரே, பின்வரிசையை நிறைத்திருக்கும் மேலாண்மை மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். துணிவு இல்லாதவன் தொழிலுக்கு வரக் கூடாது என்றார் தலைவர். அதை முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அதன் பக்கத்திலேயே வைக்க வேண்டிய பழமொழி ஒன்று உண்டு: ஆழம் தெரியாமல் காலை விடாதே.

மூன்று செய்திகள் சொல்ல வேண்டும். ஆழத்தை யார் அளப்பது, எப்படி அளப்பது, அளந்த பிறகு எப்போது காலைப் பின்னுக்கு எடுப்பது.

முதல் செய்திக்கு இரிடியம் என்ற செயற்கைக்கோள் தொலைபேசி நிறுவனத்தின் கதையைக் கேளுங்கள். 1985-இல் மோட்டோரோலா நிறுவனப் பொறியாளர் ஒருவரின் மனைவி பஹாமாஸ் தீவுகளுக்கு விடுமுறைக்குப் போனார். அங்கிருந்து தன் கைபேசியில் பேச முடியவில்லை. உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் பேசும்படி ஒரு தொலைபேசி செய்ய முடியாதா என்று கணவரிடம் கேட்டார். அதுதான் விதை என்பார்கள். 1987-இல் திட்டம் உருவம் பெற்றது. பூமியைச் சுற்றி 77 செயற்கைக்கோள்கள். 77 என்பது இரிடியம் என்ற தனிமத்தின் அணு எண். அந்தப் பெயரையே வைத்தார்கள். பிறகு 66 கோள்களே போதும் என்று கணக்குத் திருந்தியது. பெயரை மட்டும் மாற்றவில்லை.

1998 நவம்பர் 1 அன்று சேவை தொடங்கியது. முதல் அழைப்பை அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் அல் கோர் பேசினார். மறுமுனையில் இருந்தவர், தொலைபேசி கண்ட கிரஹாம் பெல்லின் கொள்ளுப்பேரன். கோள்கள் வானில் பிசகாமல் ஓடின. பொறியியல் அளவில் அது பெரும் சாதனை; அதில் இரண்டு கருத்து கிடையாது. செலவு சுமார் 500 கோடி டாலர். 1999 ஆகஸ்டில், தொடங்கிய பத்தாவது மாதத்தில், நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

எங்கே பிசகியது? கைக்கருவியின் விலை சுமார் 3,000 டாலர், எடை ஏறத்தாழ அரைக் கிலோ. ஒரு நிமிடப் பேச்சுக்குச் சில டாலர்கள். ஆண்டெனாவுக்கு வானம் நேராகத் தெரிய வேண்டும். கட்டடத்துக்குள்ளும் காருக்குள்ளும் பேச முடியாது. வாடிக்கையாளர் என்று அவர்கள் குறிவைத்ததோ நகரத்துக்கு நகரம் பறக்கும் வணிக அதிகாரியை. அவர் நாள் முழுவதும் இருப்பது எங்கே? கட்டடத்துக்குள், காருக்குள். திட்டத்துக்கும் தொடக்கத்துக்கும் இடையே பதினொரு ஆண்டுகள். அதற்குள் தரைக் கோபுரங்கள் வழியே இயங்கும் ஜிஎஸ்எம் கைபேசியும், வெளிநாட்டிலும் அதே எண்ணில் பேச உதவும் ரோமிங் வசதியும் அந்த அதிகாரி போகும் நகரங்களுக்கெல்லாம் வந்துவிட்டன. 1999 மார்ச் இறுதியில் சந்தாதாரர்கள் சுமார் பத்தாயிரம் பேர்தான்.

கதை அங்கே முடியவில்லை. இரிடியத்தின் சொத்துகளை ஒரு புதிய நிறுவனம் வெறும் இரண்டரைக் கோடி டாலருக்கு வாங்கியது. கப்பல்கள், விமானங்கள், ராணுவம், கோபுரம் எட்டாத இடத்தில் வேலை செய்பவர்கள் என்று வேறு வாடிக்கையாளரிடம் போனது. இன்றும் அந்தச் சேவை நடக்கிறது. வாங்குபவன் இருந்தான், தவறான ஆளின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் குறிவைத்த வணிக அதிகாரிகள் சில நூறு பேரிடம் மாதிரிக் கருவியைக் கொடுத்து ஒரு வாரம் பயன்படுத்தச் சொல்லியிருந்தால் இது தெரிந்திருக்கும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே. ஆனால் அளந்தவர் யார் என்று பாருங்கள். இரிடியத்தின் முதன்மை முதலீட்டாளர் மோட்டோரோலா. கோள்களைக் கட்டித்தரும் ஒப்பந்தக்காரரும் அதே மோட்டோரோலா. அந்த ஒப்பந்தம் மட்டும் 300 கோடி டாலரைத் தாண்டியது. அவர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. முடிவில் அவர்களுக்கும் பெரும் இழப்புதான். திட்டம் நடந்தால் வருமானம் பெறுகிற இடத்திலிருந்து வரும் சந்தைக் கணிப்பை, வருமானமில்லாத ஒருவர் திரும்ப அளக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இது ஒரு நிறுவனத்தின் நோய் அன்று. 2003-இல் அமெரிக்காவில் பத்து பெரிய முதலீட்டு வங்கிகள் சுமார் 140 கோடி டாலர் செலுத்தி ஒரு சமரசத்துக்கு உடன்பட்டன. நிறுவனங்களின் பங்கு வெளியீட்டு வேலையைப் பிடிப்பதற்காக, எந்தப் பங்கை வாங்கலாம் என்று முதலீட்டாளருக்குத் தங்கள் ஆய்வாளர்கள் சொல்லும் பரிந்துரைகளை வளைத்தன என்பது குற்றச்சாட்டு. அந்தத் தொகையில் 40 கோடிக்கு மேல், வாடிக்கையாளர்களுக்குச் சார்பற்ற ஆய்வு வாங்கித் தருவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்த நிபந்தனையை எழுதியவர்களுக்கு நோய் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

ஆகவே மூன்று பேரிடம் மட்டும் கோலைக் கொடுக்காதீர்கள்: திட்டத்தை முன்மொழிந்த துறை, திட்டம் நிறைவேறினால் அமலாக்க வேலை கிடைக்கும் ஆலோசகர், பேரம் முடிந்தால் மட்டும் கட்டணம் பெறும் இடைத்தரகர். ஆய்வாளரோடு போடும் ஒப்பந்தத்தில் சிலவற்றை எழுத்தில் வையுங்கள். கட்டணம் முடிவைப் பொறுத்து மாறாது. அமலாக்க வேலைக்கு அவர் போட்டியிட மாட்டார். மூலத்தரவு, வினாப்பட்டியல், பதில் தர மறுத்தோர் கணக்கு எல்லாம் உங்களுக்குச் சொந்தம். வரைவறிக்கையைத் துறைத்தலைவர் திருத்தலாமா என்று கேட்பார்கள். தகவல் பிழையைச் சுட்டலாம். முடிவுரையில் கை வைக்கக் கூடாது.

இரண்டாவது செய்தி, அளக்கும் முறை. முதலில் மேசை ஆய்வு: போட்டியாளரின் ஆண்டறிக்கை, சுங்கப் புள்ளிவிவரம், காப்புரிமைப் பதிவு. இவை செலவு குறைந்தவை. பாதி கேள்விகள் இங்கேயே தீர்ந்துவிடும். சந்தை அளவை மேலிருந்தும் கீழிருந்தும் கணக்கிடுங்கள். "மொத்தச் சந்தையில் ஒரு சதவீதம் கிடைத்தாலே போதும்" என்பது மேலிருந்து வரும் கணக்கு. அந்த ஒரு சதவீதத்தைப் பிடிக்க எத்தனை விற்பனையாளர், ஆளுக்கு மாதம் எத்தனை ஒப்பந்தம் என்று கீழிருந்து கூட்டினால் பல திட்டங்கள் நிற்காது. இரண்டு விடைகளும் ஒன்றுக்கு மூன்றாக விலகினால், காரணம் தெரியும்வரை நகராதீர்கள்.

பிறகுதான் கள ஆய்வு. குலுக்கல் முறையில் எடுத்த 400 பேரின் பதிலில் பிழை வரம்பு, அதாவது உண்மையிலிருந்து கூடவோ குறையவோ விலகக்கூடிய அளவு, சுமார் 5 சதவீதம். அதைப் பாதியாக்க 800 பேர் போதாது, 1,600 பேர் வேண்டும். மாதிரியே கோணலாக இருந்தால் பத்தாயிரம் பேரும் பயன்பட மாட்டார்கள். இன்றைய வாடிக்கையாளரை மட்டும் கேட்பதுதான் இதில் வழக்கமான பிழை. விட்டுப்போனவரையும் வாங்க மறுத்தவரையும் சேருங்கள். "வாங்குவீர்களா?" என்ற கேள்விக்கு வரும் "ஆம்" மரியாதைக்குச் சொன்ன "ஆம்". விலையைச் சொல்லி, முன்பணம் கேட்டுப் பாருங்கள். வினாப்பட்டியலை 20, 30 பேரிடம் முதலில் ஓட்டிப் பாருங்கள். பதிலளித்தவர்களில் பத்தில் ஒருவரையாவது மறுபடி அழைத்து, பேட்டி உண்மையில் நடந்ததா என்று சரிபாருங்கள்.

காலை எப்போது பின்னுக்கு எடுப்பது என்ற மூன்றாவது செய்தி இதே அளவு பெரியது. அதற்குத் தனிக் கூட்டமே வேண்டும். சங்கப் பொறுப்பாளர்கள் ஏற்பாடு செய்தால் நன்றியோடு வருவேன். இன்று உங்களிடம் கேட்க வந்தது வேறு ஒன்று. ஆய்வுக்கான பணம் இன்று எந்தத் தலைப்பில் இருக்கிறது? பெரும்பாலும் விற்பனைத் துறையின் விளம்பரச் செலவுக்குள். முன்மொழிபவரே அளப்பவருக்குச் சம்பளம் தருகிறார். இந்த ஏற்பாடு மாறாதவரை ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஆயிரம் மேடையில் சொன்னாலும் பயனில்லை.

ஒவ்வொரு நிறுவனத்திலும் இயக்குநர் குழுவின் பெயரில் தனி ஆய்வுக் கணக்கு வேண்டும். ஒரு திட்டத்தின் முதலீட்டில் அரை முதல் ஒரு சதவீதம் அதில் சேரட்டும். முழுத்தொகையும் செலவாக வேண்டும் என்பதில்லை. குடும்ப நிறுவனமாக இருந்தாலும், மூன்று பங்காளிகள் நடத்தும் சிறு தொழிலாக இருந்தாலும் இது முடியும். முன்மொழிந்தவரைத் தவிர்த்த பங்காளி ஆய்வாளரை அமர்த்தினால் போதும்.

இதற்கான தீர்மானத்தின் மாதிரி வாசகம் மூன்றே வரி. ஒன்று, கணக்கைத் தொடங்குவது. இரண்டு, ஆய்வறிக்கை நேராகக் குழுத் தலைவரிடமே வர வேண்டும் என்பது. மூன்று, ஆய்வின் கணிப்பு எந்த எண்ணுக்குக் கீழே போனால் திட்டத்தைக் கைவிடுவோம் என்று ஆய்வு தொடங்கும் முன்பே எழுதிக் கையொப்பமிடுவது. மூன்றாவது வரியில்தான் எதிர்ப்பு வரும். அதை விட்டுவிட்டு மற்ற இரண்டை நிறைவேற்றலாம் என்று யாராவது சமரசம் சொன்னால் ஏற்காதீர்கள்; அறிக்கை வந்த பிறகு அந்த எண்ணைப் பேசத் தொடங்கினால், கைக்கு வந்த எண்ணே போதுமானது என்றாகிவிடும். வாசகத்தின் நகல்கள் வாசலில் இருக்கின்றன. போகும்போது எடுத்துச் சென்று, உங்கள் அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேருங்கள். நன்றி, வணக்கம்.