முதுகுக்குப் பின்னால் மணி: பொதுப் பாதையில் சைக்கிள்காரர் எப்படிக் கடப்பது?

அடுத்த கேள்வி கொஞ்சம் நீளம், சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் பொதுவாக விட்டிருக்கிற பாதையில் இந்த நண்பர் தினமும் வேலைக்குப் போகிறார். முன்னால் நடப்பவரைக் கடக்கும்போது மணி அடித்தால், "எதுக்கு இப்படி விரட்டுறே" என்று முறைக்கிறார்கள். அடிக்காமல் போனால், "ஒரு மணி அடிச்சா குறைஞ்சா போயிடுவே" என்று திட்டு விழுகிறது. மணி அடிப்பதா, குரல் கொடுப்பதா, சத்தமில்லாமல் ஒதுங்கிப் போய்விடுவதா என்று கேட்கிறார். நாயும் குழந்தைகளும் எதிர்ப்பட்டால் என்ன செய்வது, எந்த மாதிரி மணி வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறார்.

இரண்டு தரப்பும் உங்களைத் திட்டுவது ஒரே காரணத்துக்காகத்தான். திடுக்கிட்டுப் போகிறார்கள். முதுகுக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் மணி அடித்தாலும் தூக்கிவாரிப் போடும், சத்தமே இல்லாமல் தோளை உரசுகிற மாதிரி ஒரு ஹேண்டில் போனாலும் தூக்கிவாரிப் போடும். அதனால் மணியா குரலா என்பதை அப்புறம் பார்ப்போம். முதலில் வேகம்.

சாதாரணமாக நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் போவார். நீங்கள் 20 கிலோமீட்டரில் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 15. அதாவது ஒவ்வொரு விநாடியும் அவரை 4 மீட்டருக்குச் சற்று அதிகமாக நெருங்குகிறீர்கள். 25 மீட்டர் பின்னால் இருக்கும்போதே மணி அடித்தால் அவருக்கு 6 விநாடி கிடைக்கும். காதில் விழுந்து, சைக்கிள் என்று புரிந்து, திரும்பிப் பார்த்து, பக்கத்தில் வருபவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒதுங்க அது தாராளம். அதே மணியை 5 மீட்டரில் அடித்தால் கிடைப்பது ஒரு விநாடியும் சொச்சமும். அதற்குள் ஒருவரால் செய்ய முடிந்தது துள்ளுவது ஒன்றுதான். எந்தப் பக்கம் துள்ளுவார் என்பது அவருக்கே தெரியாது.

உங்கள் பக்கத்துக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஆபத்தைப் பார்த்துப் பிரேக் பிடிக்க ஒரு விநாடி ஆகும் என்றால், 20 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் ஐந்தரை மீட்டர் ஓடியிருப்பீர்கள். அப்புறம் காய்ந்த தரை, நல்ல பிரேக் என்றால் இன்னும் 4 மீட்டரில் நிற்கலாம். மொத்தம் கிட்டத்தட்ட 10 மீட்டர். 30 கிலோமீட்டரில் வந்தால் அதுவே 17 மீட்டர். ஈரமான இலையோ மணலோ கிடந்தால் இன்னும் கூடும். அவர் ஓர் அடி விலகி நடந்தாலும் நிறுத்த முடிகிற வேகத்தில்தான் நெருங்க வேண்டும். மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் இது மாறாது.

"ஒவ்வொருத்தருக்காகவும் வேகத்தைக் குறைத்தால் நான் எப்போது வேலைக்குப் போய்ச் சேர்வது" என்பார்கள். அதையும் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒருவரைக் கடக்கிற 30 மீட்டர் தூரத்தை 20 கிலோமீட்டரில் போனால் ஐந்தரை விநாடி. 8 கிலோமீட்டரில் போனால் பதிமூன்றரை விநாடி. நஷ்டம் 8 விநாடி. வழியில் பத்துப் பேரைக் கடந்தாலும் ஒன்றரை நிமிடம் ஆகாது. திரும்ப வேகம் எடுக்கிற நேரத்தையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். நிஜமான நஷ்டம் மிதிக்கிற உழைப்பில்தான். ஓடிக்கொண்டிருக்கிற சைக்கிளை நிறுத்தி நிறுத்தி மறுபடி கிளப்புவது காலுக்குக் கஷ்டம், அதனால்தான் யாருக்கும் பிரேக் பிடிக்க மனசு வருவதில்லை. ஆப்பில் தன் பழைய நேரத்தை முறியடிக்கப் போகிறவர்களுக்கு இந்த 8 விநாடி பெரிய விஷயமாகத் தெரியும். அவர்கள் சாலையில் ஓட்டட்டும். பொதுப் பாதை அதற்கான இடம் இல்லை.

சரி, இப்போது மணிக்கு வருவோம். இதில் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. ஜப்பானில் நடைபாதையில் போகிறவர்களை ஒதுக்குவதற்காகச் சைக்கிள் மணி அடிப்பதே சட்டப்படி தப்பு. ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியில்லை என்றால்தான் அடிக்கலாம். பிரிட்டனில் நேர் எதிர். அங்கே 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட ஹைவே கோடு என்ற சாலை விதிக் கையேடு, நடப்பவர்களை நெருக்கமாகவோ வேகமாகவோ கடக்காதீர்கள், முக்கியமாகப் பின்னாலிருந்து வரும்போது. தேவையானால் வேகத்தைக் குறையுங்கள், மணி அடித்தோ வேறு விதமாகவோ நீங்கள் வருவதைத் தெரியப்படுத்துங்கள் என்கிறது. அவர்களுக்குக் காது கேட்காமலோ கண் தெரியாமலோ இருக்கலாம் என்பதையும் நினைவுபடுத்துகிறது. ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட பாதையில் நடப்பவருக்குச் சைக்கிள்காரர்தான் வழிவிட வேண்டும் என்பது விதி. மணி விஷயத்தில் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தாலும், பாதையில் முதல் உரிமை நடப்பவருக்கு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆகவே மணி அடிப்பதை ஒரு தகவலாக வைத்துக்கொள்ளுங்கள். "நான் வருகிறேன்" என்ற அளவில். "ஒதுங்கு" என்று அர்த்தமாகிவிட்டால்தான் முறைப்பு. மணி அடித்த கையோடு அதே வேகத்தில் வந்து நுழைவது, காலிங் பெல்லை அழுத்திவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிற மாதிரி. அடித்ததற்குப் பிரயோஜனமே இல்லை.

நான் சொல்கிற வழி இது. 25, 30 மீட்டர் இருக்கும்போது மெதுவாக ஒரு தட்டு. பெடல் மிதிப்பதை நிறுத்திவிடுங்கள். சில சைக்கிள்களில் அப்போது பின்சக்கரத்திலிருந்து கிட்கிட்டென்று நல்ல சத்தம் வரும், அமைதியான பாதையில் அதுவே போதும். பாதித் தூரம் நெருங்கியும் அவரிடம் எந்த அசைவும் இல்லையென்றால் இன்னொரு தட்டு. இரண்டாவது தட்டு முதலாவதை விடப் பலமாக இருக்க வேண்டியதில்லை. அதற்கும் அசையவில்லையென்றால் அவருக்குக் கேட்கவில்லை என்றே முடிவு செய்துவிடுங்கள். இயர்ஃபோன் போட்டிருக்கலாம், இப்போது வருகிறவை வெளிச்சத்தத்தையே அடக்கிவிடுகின்றன. காது மந்தமாக இருக்கலாம். போனில் சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம். காரணம் எதுவானாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நடக்கிற வேகத்துக்கு வந்து, தாராளமாக இடம் விட்டு, மெதுவாகக் கடப்பது. இடம் இல்லையென்றால் பின்னாலேயே வந்து வாய்விட்டுக் கேட்பது. விடாமல் அடித்துக்கொண்டே வருவது மட்டும் கூடாது.

குரல் கொடுப்பதிலும் ஒரு நெளிவுசுளிவு இருக்கிறது. நிறையப் பேர் "வலது, வலது" என்று பக்கத்தை மட்டும் கத்துகிறார்கள். திடீரென்று காதில் விழும்போது, அது தன்னைப் போகச் சொல்கிற பக்கம் என்று நினைத்து அங்கேயே நகர்ந்துவிடுகிறவர்கள் உண்டு. அதைவிட, "சைக்கிள் வருதுங்க, நீங்க அப்படியே போங்க" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான நேரம் அவர் எதுவுமே செய்ய வேண்டியதில்லை. நேராக நடந்துகொண்டிருந்தாலே நீங்கள் சுற்றிப் போய்விடலாம். அவரை ஒதுங்க வைக்கப் போய்த்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இந்த ஒதுங்குவதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். இரண்டு பேர் பேசிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் போகிறார்கள். மணி கேட்கிறது. ஒருவர் இடது ஓரத்துக்குப் போவார், இன்னொருவர் வலது ஓரத்துக்குப் போவார். நடுவில் அழகாக வழி திறக்கும். அதில் மட்டும் நுழைந்துவிடாதீர்கள். அடுத்த நொடி இரண்டு பேரில் ஒருவருக்கு, தான் தப்பான பக்கம் நிற்கிறோம் என்று தோன்றும், மற்றவரோடு சேர்ந்துகொள்ள குறுக்கே வருவார். சரியாக நீங்கள் அங்கே இருப்பீர்கள். இருவரும் ஒரே பக்கம் சேரும்வரை பொறுங்கள். அதேபோல ஒருவர் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தால், பார்க்கிற பக்கமே அவர் உடம்பு கொஞ்சம் சாயும். சைக்கிள் ஓட்டுகிறவருக்கும் இது நடக்கும், திரும்பிப் பார்த்தால் ஹேண்டிலும் சேர்ந்து திரும்பும். அவர் பார்த்து முடித்து முகத்தை முன்னால் திருப்பிய பிறகு கடங்கள்.

எந்தப் பக்கம் கடப்பது என்றால், இடதுபக்கம் போகிற நாடுகளில் வலதுபுறமாக, வலதுபக்கம் போகிற நாடுகளில் இடதுபுறமாக. அகலத்தையும் மனக்கணக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். பாதை 3 மீட்டர் என்று வையுங்கள். சேர்ந்து நடக்கிற இருவர் ஒரு மீட்டருக்கு மேல் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் ஹேண்டில் 60, 70 சென்டிமீட்டர். அவர்களுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு மீட்டர் விட்டால் பாதை முடிந்தது. எதிரே ஓர் ஆள் வந்தாலும் இடமில்லை. அப்படி யாராவது வந்தால் அவர் போகும்வரை பின்னால் மெதுவாக வாருங்கள். முந்திய பிறகும் உடனே நடப்பவர் முன்னால் வெட்டி வராதீர்கள், நாலு சைக்கிள் நீளமாவது போன பிறகு உங்கள் ஓரத்துக்கு வரலாம்.

குழந்தைகள் விஷயத்தில் மணியே ஆபத்தாகிவிடும். அம்மா பாதையின் இந்த ஓரம், குழந்தை அந்த ஓரம். நீங்கள் மணி அடித்ததும் அம்மா திரும்பிப் பார்த்து, பதறி, குழந்தையைக் கூப்பிடுகிறார். குழந்தை என்ன செய்யும்? நேராக அம்மாவிடம் ஓடிவரும், உங்கள் சக்கரத்துக்குக் குறுக்கே. நீங்கள் கொடுத்த எச்சரிக்கைதான் அதை ஓட வைத்தது. அதனால் அம்மாவும் குழந்தையும் இரண்டு பக்கமாக இருந்தால் முதலில் வேகத்தை நடக்கிற அளவுக்குக் கொண்டுவாருங்கள், ஒரு கால் தரையில் ஊன்றத் தயாராக. அப்புறம் சாதாரணக் குரலில் அம்மாவிடம் சொல்லுங்கள். கையைப் பிடித்துக்கொண்டார் என்று பார்த்த பிறகு நகருங்கள். சின்ன சைக்கிள் ஓட்டப் பழகுகிற பிள்ளைகளுக்கும் இதே முறைதான்.

நாய் என்றால் நாயைவிடக் கயிற்றைப் பாருங்கள். உள்ளே சுருண்டுகொள்கிற மெல்லிய கயிறு பல மீட்டர் நீளும், மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. ஆள் ஒரு ஓரத்திலும் நாய் எதிர் ஓரத்திலும் இருந்தால், நடுவில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கயிறு இருக்கிறது என்றே நினைத்து நின்றுவிடுங்கள். அவர் சுருட்டட்டும். குதிரை வருகிற பாதைகளும் உண்டு. அங்கே மணியைவிடக் குரல் நல்லது, குதிரைக்கு மனிதக் குரல் பழகியது. தூரத்திலேயே பேசிக்கொண்டு நிதானமாக, நிறைய இடம் விட்டுப் போங்கள்.

வெள்ளைக் கோலோடு நடப்பவர் என்றால், எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்லிவிட்டு, தாராளமாக விலகிப் போங்கள்.

நீங்கள் மூன்று நான்கு பேராகப் போகிறவரா? அப்படியென்றால் இதைக் கவனியுங்கள். முதல் சைக்கிள் மணி அடிக்கிறது, நடப்பவர் ஒதுங்குகிறார், சைக்கிள் போய்விட்டது, அவ்வளவுதான் என்று மறுபடி நடுப்பாதைக்கு வருகிறார். இரண்டாவது சைக்கிளுக்கு அவர் நேர் எதிரே. தப்பு அவர் மேல் இல்லை. முதலில் போகிறவர் "பின்னால இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க" என்று சொல்ல வேண்டும், கடைசி ஆள் "நான்தான் கடைசி" என்று சொல்ல வேண்டும். நீளமாகப் பேச வேண்டியதில்லை, இரண்டு வார்த்தை போதும்.

மின்சார சைக்கிள்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண மின்சார சைக்கிளுக்கு மோட்டார் உதவி மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரைதான். சிங்கப்பூரில் பகிர்ந்த பாதைகளிலும் சைக்கிள் பாதைகளிலும் வேக வரம்பு 25. வரம்பு 25 என்றால் ஆளைக் கடக்கும்போதும் 25 என்று அர்த்தமில்லை. மின்சார சைக்கிளில் பலவும் 20 கிலோவுக்கு மேல் எடை, திரும்ப வேகம் எடுக்கவும் காலுக்குக் கஷ்டமில்லை. அதனால் வேகத்தைக் குறைக்க மாட்டேன் என்பதற்கு அவர்களுக்குச் சாக்கே இல்லை.

இரவில் முன்விளக்கைத் தரையைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். கண்ணில் அடித்தால் எதிரே வருபவருக்கு நீங்களும் தெரிய மாட்டீர்கள், பாதையின் ஓரமும் தெரியாது.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் சிலர் திட்டத்தான் செய்வார்கள். பதில் சொல்ல நிற்காதீர்கள், கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். ஒதுங்கிக் கொடுத்தவருக்கு ஒரு நன்றியும் சொல்லலாம், காசா பணமா.

கடைசியாக, எந்த மணி வாங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரே தட்டில் 'டிங்' என்று நீண்டு ஒலிக்கிற பித்தளை மணி நல்லது. தூரத்திலேயே கேட்கும், கிட்டத்தில் காதைக் குடையாது. ஹேண்டிலில் கட்டைவிரல் எட்டுகிற இடத்தில், பிரேக்கிலிருந்து மற்ற விரல்களை எடுக்காமலே அடிக்க முடிகிற மாதிரி மாட்டுங்கள். கார் ஹாரன் மாதிரி அலறுகிற எலெக்ட்ரிக் ஹாரன்கள் விற்கிறார்கள், அது சாலையில் லாரிக்கு நடுவே போகிறவர்களுக்கு. ஏற்கெனவே மாட்டியிருந்தால் பொதுப் பாதைக்குள் நுழைந்ததும் அதைத் தொடாதீர்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.