நொச்சி வேலியும் திருமணிமுத்தாறும்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்துக்காரர்களுக்குத் திருமணிமுத்தாற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? கோட்டை மாரியம்மனைக் கும்பிடப் போனாலும் சுகவனேஸ்வரரைக் கும்பிடப் போனாலும் பக்கத்தில் அதுதான் ஓடுகிறது. நாமும் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிவிடுகிறோம். அது சாக்கடை என்றே நினைத்து வளர்ந்த பிள்ளைகள் இந்த ஊரில் நிறையப் பேர். சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி, நம் ஊரைக் கடந்து, நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய் நன்செய் இடையாற்றில் காவிரியோடு சேருகிற ஆறுங்க அது.

"ஆற்றங்கரையில் மரம் நடுகிறோம், வாங்க" என்று அடிக்கடி கூப்பிடுவார்கள். போவேன். ஆனால் மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: இங்கே வைப்பது சரி, மேலே எப்போது வைக்கப் போகிறீர்கள்? மேலே என்றால் அடிவாரத்து ஓடைகள். கன்னங்குறிச்சிக்கு அந்தப் பக்கம், குரும்பப்பட்டிப் பக்கம், மலை முடிந்து தோட்டங்காடு தொடங்குகிற இடம்.

ஏன் என்று கேட்டால், போன மழையை நினைத்துப் பாருங்கள். மலையில் ராத்திரி கொட்டித் தீர்க்கிறது, விடிவதற்குள் ஓடையெல்லாம் செம்மண் தண்ணீர். பச்சப்பட்டி, நாராயண நகர்க்காரர்களிடம் அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அப்புறம் தை பிறந்து கொஞ்ச நாளில் அதே ஓடையில் கால் நனைக்கத் தண்ணீர் இருக்காது. வெறும் சரிவில் விழுகிற மழை, மொட்டை மாடியில் கொட்டின தண்ணீர் மாதிரி ஓடிவிடும். மரம் இருந்தால் இலை முதல் அடியைத் தாங்கும், கீழே கிடக்கிற சருகு வேகத்தைக் குறைக்கும், வேர் போன வழியாகத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். இறங்கியது பிறகு மெல்ல மெல்லக் கசிந்து ஓடைக்கு வரும்.

எந்த மரமானாலும் சரியா என்றால், இல்லை. மரமும் தண்ணீர் குடிக்கும். சீக்கிரம் வளர்கிறதே என்று தைலமரத்தை நெருக்கி வைத்தால் ஓடைக்கு வர வேண்டியதை அதுவே குடித்துவிடும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மரம் வைத்தால் சாயத் தண்ணீரும் கழிவு நீரும் சுத்தமாகிவிடாது. அது வேறு சண்டை, அதையும் போட வேண்டும்.

நட்ட பிறகுதான் கதையே. ஓர் ஓடைக்கரையில் ஆடி மழைக்குப் பிறகு நாங்கள் சிலர் சேர்ந்து கன்று வைத்தோம். சுற்றிலும் பச்சை வலை. வேலை முடிந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஆடு ஓட்டிக்கொண்டு வயதான அம்மா ஒருவர் வந்தார். வலையைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்தார். "ஏஞ்சாமி, இதை நம்பியா இத்தனை செடி வெச்சீங்க?" என்றார். அதற்குள் அவருடைய ஆட்டில் ஒன்று வலைக்குள் மூக்கை விட்டு ஒரு புங்கங்கன்றின் நுனியை முடித்துவிட்டது.

எங்களில் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஆட்டை இந்தப் பக்கம் ஓட்டாதீர்கள் என்றார். அந்த அம்மா சிரித்தார். "காலையில இந்தத் தடத்துல போவும், சாயங்காலம் இதே தடத்துல வரும். எங்க அப்பன் காலத்துத் தடம். தடத்தோரமா நொச்சி நடுங்க. அதுல வாய் வெக்காது."

நொச்சி உங்களுக்குத் தெரியும். சளி பிடித்தால் வெந்நீரில் போட்டு ஆவி பிடிப்போமே, அதேதான். ஓடைக்கரையில் தானாக வளரும், கரை மண்ணையும் பிடித்துக்கொள்ளும், ஆடு மாடு கடிக்காது. அந்த அம்மாவே கட்டை விரல் பருமனில் குச்சி வெட்டிக் காட்டினார். ஒரு முழ நீளம், அடியில் சாய்வெட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போக வேண்டும், பிறகு குதிகாலால் ஓர் அழுத்து. நாற்றங்காலும் வேண்டாம், பாலித்தீன் பையும் வேண்டாம். பை என்றதும் ஞாபகம் வருகிறது. கன்று நடும்போது பையைக் கிழித்து எடுங்கள். பையோடு குழியில் இறக்குகிறவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன். அடியில் சுருண்டு கிடக்கிற வேரையும் கொஞ்சம் நறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் சுருண்டது சுருண்டபடியே தடிக்கும்.

சரி, நொச்சிக்கு வருவோம். அது தழைத்து வேலியானது. ஆடுகள் மோந்து பார்த்துவிட்டுப் போயின. ஒரு கறுப்பு வெள்ளாடு மட்டும் பின்னங்காலில் நின்று வேலிக்கு மேலே எட்டியது. "அது திருட்டு முண்டம், அதுக்கு முள்ளுதான்" என்று இலந்தை முள்ளை வெட்டிப் போட்டார். அந்த அம்மா சும்மா சொல்லித் தரவில்லை. "எங்க ஆட்டுக்கும் நாலு மரம் வையுங்க" என்று கேட்டு வாங்கினார். தடத்துக்கு அந்தப் பக்கம் கல்யாண முருங்கையும் அகத்தியும் வைத்துக் கொடுத்தோம். அதற்குப் பிறகு வேறு ஆள் ஆடு வந்தால் விரட்டுவது அவர்தான். சம்பளத்துக்கு ஆள் போட்டிருந்தால் இப்படிக் காவல் கிடைத்திருக்காது.

ஊர் சேர்ந்தால் நடக்கும் என்பதற்கு மூக்கனேரி இருக்கிறது. 2010ல் ஊர் மக்கள் முன்வந்து தூர்வாரி, அள்ளிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து, அதன் மேல் மரம் வைத்தார்கள். இன்றைக்குப் பறவை பார்க்க அங்கே போகிறோம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களைப் பற்றி நிறையப் பேச வைத்திருந்தேன். 1820களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்த காப்பி, அதற்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குத் தாங்கலாகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். அதற்கு நடுவே நம் மலை மரங்களையும் விடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் கேட்கிறேன், அவ்வளவுதான் இப்போது சொல்ல முடியும்.

மரப் பெயர் கேட்டு எழுதியவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓரம் நீர்மருது, நாவல், அத்தி. கொஞ்சம் மேலே புங்கன், இலுப்பை. காய்ந்த சரிவில் வேம்பு, உசில். குழிக்கு ஒன்றரை அடி ஆழம் போதும். பங்குனி, சித்திரையில் தண்ணீர் ஊற்றப் போகிறவர் யார் என்று பெயர் எழுதிக்கொண்டு நடுங்கள், குறைந்தது இரண்டு கோடைக்கு. நேரமாகிவிட்டது, வருகிறேன். வணக்கம்.