திரையை விடுங்கள், சிலிண்டரை அளந்து பாருங்கள்!

வணக்கம் உறவுகளே. வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் கட்டி நிற்கும் ஒரு பலநாள் படகின் பின்தளத்துக்குக் கீழிருந்து பேசுகிறேன். இடம் நெருக்கம்தான், ஆனால் இன்று காட்ட வேண்டியது இங்கேதான் இருக்கிறது.

இந்தப் படகுக்கு ஓட்டோபைலட், அதாவது படகைத் தானாகவே திசை பிசகாமல் ஓட்டும் கருவி, பூட்டப்போகிறார்கள். "எந்தத் திரை நல்லது தம்பி?" என்று படகுக்கார அண்ணன் கேட்டார். "திரையைப் பிறகு பார்ப்போம் அண்ணே, எண்ணெயைத் தள்ளிச் சுக்கானைத் திருப்பப்போவது பம்ப்" என்றேன். பம்ப் பொருந்தாவிட்டால் மேலே போடும் காசெல்லாம் வீண்.

கிட்டக் காட்டுகிறேன், பாருங்கள். சுக்கானைத் தள்ளும் ஹைட்ரோலிக் சிலிண்டர் இது. தண்டு இருபக்கமும் வெளியே வருகிறது; அதனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே அளவு எண்ணெய்தான் தேவை. தண்டின் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு இல்லை, நல்லது. தகட்டில் உள்விட்டம் 40 மில்லிமீற்றர் என்றிருக்கிறது. தண்டின் விட்டம் 20, ஓட்டம், அதாவது தண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகரும் தூரம், 200. சென்ரிமீற்றரில் கணக்குப் போடுங்கள்: 4இன் வர்க்கம் 16, அதிலிருந்து 2இன் வர்க்கம் 4ஐக் கழித்தால் 12. அதை வட்டப் பரப்புக்கான 0.785ஆலும் ஓட்டம் 20ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 188 கன சென்ரிமீற்றர். பம்ப் வாங்கப் போகும்போது கையில் இருக்க வேண்டிய எண் இதுதான்.

ரேமரைன் நிறுவனத்தின் ஓட்டோபைலட் பம்புகளில் டைப் 1, 80 முதல் 230 கன சென்ரிமீற்றர் வரையான சிலிண்டருக்கு. டைப் 2, 160 முதல் 350 வரை. நம்முடைய 188 இரண்டிலும் அடங்குகிறது! நான் டைப் 2 என்பேன். ஐஸும் மீனும் நிறைந்து திரும்பும்போது, வாடைக் காலத்து அலை பின்னாலிருந்து தள்ளும். சுக்கான் சுணங்கினால் படகு பாம்பாக நெளியும், டீசலும் வீணாகும். இங்கே பற்றரி 24 வோல்ட். டைப் 2இல் 24 வோல்ட் பம்பும் கிடைக்கிறது.

பம்ப் பெரிதானால் அதற்கு மின்சாரம் கொடுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் பெரிதாக வேண்டும். ரேமரைனின் ஏசியு 200 (ACU-200) என்ற பெட்டி தொடர்ந்து 15 அம்பியர்தான் கொடுக்கும். டைப் 2க்கு 30 அம்பியர் கொடுக்கும் ஏசியு 400 வேண்டும். பற்றரியிலிருந்து வரும் வயரும் தடிப்பாக இருக்கட்டும். பழைய பம்ப் வாங்குகிறவர்கள், மோட்டார் இருதிசையும் சுழலும் வகையா என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

உங்கள் சிலிண்டர் அளவுகளைக் கீழே எழுதுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன். குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றும் முறையை பம்ப் பூட்டும் அன்று காட்டுகிறேன்.