பிரிஜிட் ஜோன்ஸ் எழுதிவைத்த கணக்கு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2001ஆம் ஆண்டு வெளிவந்த 'பிரிஜிட் ஜோன்ஸின் டைரி' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். லண்டனில் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக வாழும் முப்பத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, தன்னை நேசிக்க ஒருவன் வருவானா என்று ஏங்குவதும் தேடுவதுமே கதை. ஹெலன் ஃபீல்டிங் 1995இல் 'தி இண்டிபென்டன்ட்' நாளிதழில் எழுதத் தொடங்கிய பத்தியில் பிறந்தவள் இந்தப் பிரிஜிட். மறு ஆண்டே அவள் கதை நாவலாகவும் வந்தது. ஷரோன் மகுவயர் இயக்கிய படத்தில் பிரிஜிட்டாக நடித்த ரெனே ஜெல்வெகர், சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

படத்தின் முதல் சில நிமிடங்களைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். புத்தாண்டு நாளன்று, பெற்றோர் வீட்டு விருந்தில், மகளுக்கு எப்படியாவது ஒரு வரனைக் காட்டிவிட வேண்டும் என்று துடிக்கும் தாய், மார்க் டார்சி என்னும் வழக்குரைஞனிடம் அவளை அழைத்துச் செல்கிறாள். சற்று நேரத்தில், ஓயாமல் பேசுகிறவள், ஓயாமல் புகைக்கிறவள், குடிக்கிறவள், தன் தாயைப் போல உடுத்துகிறவள் என்று மார்க் தன் தாயிடம் பிரிஜிட்டைப் பற்றிச் சொல்வதை அவள் காதாரக் கேட்டுவிடுகிறாள். அதன் பிறகுதான் அவள் டைரி எழுதத் தீர்மானிக்கிறாள். அதில் எதை எழுதுகிறாள் தெரியுமா? உடல் எடை எவ்வளவு, புகைத்த சிகரெட் எத்தனை, குடித்த மது எவ்வளவு என்று எழுதுகிறாள். யாரோ ஓர் ஆண் போகிற போக்கில் அடுக்கிய குறைகளில் பாதி அவளுடைய அன்றாடக் கணக்கின் தலைப்புகளாகிவிடுகின்றன. இந்தப் படத்தின் நகைச்சுவைக்கு அடியில் ஓடும் வலி இதுதான் என்று நான் கருதுகிறேன்.

அந்தக் கணக்கை அவள் மட்டும் பார்ப்பதில்லை, ஊரே பார்க்கிறது. ஓர் இரவு விருந்து. மேசையைச் சுற்றி எல்லோரும் இணை இணையாக அமர்ந்திருக்க, அவள் மட்டும் ஒற்றையாக. முப்பது வயதைத் தாண்டியும் திருமணமாகாத பெண்கள் ஏன் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று, அவள் ஏதோ அவர்கள் அனைவரின் பிரதிநிதி போல, ஒருவர் கேட்கிறார். ஆடைக்கு உள்ளே எங்கள் உடம்பு முழுக்கச் செதில்கள் இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறாள் பிரிஜிட். நாம் சிரிக்கிறோம், மேசையில் யாரும் சிரிப்பதில்லை. அந்த ஒரு விடையில் அவளுடைய புத்திக்கூர்மையும் அவமானமும் சேர்ந்தே வெளிப்படுகின்றன. ஜெல்வெகர் அதை முகத்தில் பெரிதாக எதையும் காட்டாமல் சொல்லியிருப்பது மிக உயர்ந்த நடிப்பு.

அதே விருந்திலிருந்து அவள் கிளம்பும்போதுதான் மார்க் பின்னால் வந்து, நீ இருக்கிறபடியே உன்னை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்கிறான். அவளுடைய நண்பர்களால் இதை நம்பவே முடியவில்லை. இன்னும் சற்று மெலிந்தால் என்று சொல்லவில்லையா, இன்னும் அறிவாளியாக இருந்தால் என்று சொல்லவில்லையா என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். கணக்கின் தலைப்புகளை எடுத்துக்கொடுத்தவனே இப்போது கணக்கு வேண்டாம் என்கிறான். திரைக்கதையின் அழகான திருப்பம் இது.

ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலைப் படித்தவர்களுக்கு இந்த அமைப்பு பழகியதாக இருக்கும். அங்கும் நாயகி, நடன விருந்தொன்றில், டார்சி தன்னை இகழ்ந்து பேசுவதைக் கேட்டுவிடுகிறாள். அந்த நாவலை 1995இல் பிபிசி தொடராக எடுத்தபோது டார்சியாக நடித்த காலின் ஃபெர்த்தே இங்கே மார்க் டார்சியாக வருகிறார். எதிர்ப்புறம் நிற்கும், பிரிஜிட்டின் மேலதிகாரியான டேனியல் கிளீவரை ஹக் கிராண்ட் கவர்ச்சியும் பொய்யுமாகச் செய்திருக்கிறார். இருவரும் தெருவிலும் உணவகத்திலும் கட்டிப் புரளும் சண்டை, சண்டையே தெரியாத இரண்டு பேர் போடும் சண்டை என்பதால் ரசிக்கத்தக்கது.

படத்தில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. பிரிஜிட்டின் உடல் எடையை அவள் மட்டுமல்லாமல் படமும் ஒரு குறையாகவே நடத்துகிறது. மிகச் சாதாரணமான உடல்வாகு கொண்ட ஒரு பெண்ணைப் பருமனானவள் என்று நாம் ஏற்றுக்கொண்டால்தான் சில காட்சிகள் வேடிக்கையாகும். இருக்கிறபடியே பிடித்திருக்கிறது என்று நாயகனைச் சொல்லவைத்த படம், தன் கேமராவுக்கும் அதே பார்வையைத் தந்திருக்க வேண்டும்.

இருந்தாலும் இறுதிக் காட்சி அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்கிறது. அவள் அடுத்த அறையில் உடை மாற்றும் நேரத்தில், தன்னைப் பற்றிக் கடுமையாக எழுதப்பட்ட டைரிப் பக்கங்களை மார்க் படித்துவிட்டு வெளியே போகிறான். மனமுடைந்த பிரிஜிட், முழுதாக உடுத்தக்கூட நேரமின்றிப் பனி கொட்டும் தெருவில் ஓடுகிறாள். அவனோ ஒரு புதிய டைரி வாங்கத்தான் போயிருக்கிறான். பழைய கணக்கில் அவனும் ஒரு பதிவாக இருந்தான். அதைப் படித்த பிறகும் அவன் அவளிடம் திரும்பி வருகிறான். 2004இலும் 2016இலும் 2025இலும் தொடர்ச்சிகள் வந்து, கடைசிப் படத்தில் பிரிஜிட் கணவனை இழந்த தாயாக மீண்டும் காதலைச் சந்திக்கிறாள். நேரமிருப்பவர்கள் அவற்றையும் பார்க்கலாம். ஆனால் முதல் படத்தை முதலில் பாருங்கள், அந்த விருந்து மேசையில் அவள் சொல்லும் விடையைக் கவனித்துக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.