புறப்படும் நாளில் முதலில் சாப்பாடு

வணக்கம். வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குக் குழுக்களை அழைத்துப் போவது என் தொழில். எந்த நாட்டைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று வானொலி நிலையத்தில் கேட்டார்கள். நாடு எதுவானாலும் சரி, எல்லாப் பயணத்திலும் வருகிற ஒரு நாளைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அது ஊர் திரும்பும் நாள்.

விமானம் இரவில்தான். ஆனால் பகல் பதினொன்று, பன்னிரண்டுக்கெல்லாம் அறையைக் காலி செய்துவிட வேண்டும். பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று. மிச்சம் இருப்பது ஒரு பகல், பர்ஸில் கொஞ்சம் அந்த ஊர்ப் பணம். பெட்டியை ஹோட்டல் வரவேற்பறையில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டால், மாலைவரை கை வீசிக்கொண்டு நடக்கலாம்.

அப்போதுதான் சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டியல் வெளியே வரும். மாமியாருக்கு ஒன்று, ஆபீஸில் உள்ளவர்களுக்கு ஆளுக்கொன்று, எதிர்வீட்டுக்காரருக்கு, தம்பி பிள்ளைகளுக்கு. அதை வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் போனதே தெரியாது. மூன்று மணிக்குக் கால் கடுக்கும், கணவன் மனைவிக்குள் சின்னதாக ஒரு சண்டை மூளும், கையில் கிடைத்ததை நின்றபடி விழுங்கிவிட்டு மறுபடி கடைக்குள் நுழைவார்கள். என்னோடு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கடைசி நாள் இப்படித்தான் கழிகிறது.

என் கட்சி வேறு. அன்றைய பொழுதை முதலில் சாப்பாட்டை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். மதியம் எங்கே, சாயங்காலம் எங்கே என்பது காலையிலேயே முடிவாகட்டும். இடைப்பட்ட நேரம் கடைகளுக்கு. பொருளை ஊருக்குப் போன பிறகுகூட வரவழைத்துக்கொள்ளலாம். அந்த ஊர் அடுப்பிலிருந்து இறங்கிய சூட்டோடு, அந்த ஊர்க்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிடுவது எந்தப் பார்சலிலும் வராது.

இன்னொரு காரணமும் உண்டு. பசியோடு கடைக்குப் போனால் தின்பண்டம் அதிகம் வாங்குவோம் என்பது தெரிந்ததுதான். வயிற்றுக்குச் சம்பந்தமே இல்லாத பொருளிலும் கை நீளுமாம். 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பசியோடு இருந்தவர்கள் காகிதம் செருகும் கிளிப்புகளைக்கூட மற்றவர்களைவிட அதிகமாக எடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் 'இதை எதற்கு வாங்கினோம்' என்று விழிக்கிறோமே, அந்தப் பொருளெல்லாம் எத்தனை மணிக்கு வாங்கியவை என்று ரசீதில் பாருங்கள்.

சரி, எங்கே சாப்பிடுவது? இன்னும் போகாத, பேர்பெற்ற ஓர் இடத்தைத் தேடிக்கொண்டு நகரத்தின் மறுகோடிக்கு ஓடாதீர்கள். இந்தப் பயணத்தில் எந்தக் கடையில் சாப்பிட்டது மனதுக்குப் பிடித்ததோ, அங்கேயே மறுபடி போங்கள். முதல் தடவை போனபோது மெனு கார்டைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். இந்தத் தடவை குழப்பம் இல்லை. போன முறை பக்கத்து மேசைக்காரர் ரசித்துச் சாப்பிட்ட அந்தக் கிண்ணத்தை நினைவில் வைத்துக் கேட்கலாம். பரிமாறுகிறவரும் முகம் தெரிந்து சிரிப்பார். ஒரே இடத்துக்கு இரண்டு தடவை போவது வீண் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தவிர, அன்றிரவு பல மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்திருக்கப் போகிற வயிற்றில் பரிசோதனை நடத்தவும் வேண்டாம்.

பெரிய உணவகம் ஒன்றில் ஒரு வேளையாவது சாப்பிட ஆசையா? மதியம் போங்கள். இரவைவிடக் குறைந்த விலையில் மதியச் சாப்பாடு தருவது பல நாடுகளில் வழக்கம். மதியத்துக்கும் இரவுக்கும் நடுவே பல இடங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. மூன்று மணிக்குப் போய் நின்றால் நாற்காலியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள்.

வயிறு நிறைந்தது. இனிமேல் கடை. நினைவுப் பொருள் கடைக்கு நான் யாரையும் அழைத்துப் போவதில்லை, அவர்களாகப் போனால் தடுப்பதுமில்லை. அங்கே விற்கும், ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்த வில்லையைத் திருப்பிப் பார்த்தால் வேறொரு நாட்டின் பெயர் இருக்கும். நான் கூட்டிப் போவது உள்ளூர் ஜனங்கள் மளிகை வாங்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கு. உப்பு, தேயிலை, மசாலாத் தூள், பிஸ்கட், சோப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ், பொருள்மேல் ஒட்டியிருக்கும் விலைக்கே. கண் மட்டத்தில் பளபளப்பதை விடுங்கள். அந்த ஊர் அம்மாக்கள் குனிந்து கீழ்த் தட்டிலிருந்து எதை எடுத்துத் தள்ளுவண்டியில் போடுகிறார்கள் என்று கவனித்து, அதில் ஒன்றை எடுங்கள். எடை குறைவு, உடையாது, ஆபீஸில் பிரித்துக் கொடுக்கவும் வசதி.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவையும் உண்டு. இறைச்சி, பால் பொருள், பழம், விதை இவற்றைப் பல நாடுகள் உள்ளே விடுவதில்லை. சந்தேகம் வந்தால், இறங்கியதும் சுங்கப் படிவத்தில் எழுதிவிடுங்கள். சொன்னால் பெரும்பாலும் பொருள்தான் போகும். மறைத்துப் பிடிபட்டால் அபராதம். பவளம், ஆமை ஓடு, தந்தம், சில வகைப் பாம்புத் தோல் ஆகியவற்றுக்கு 1975 முதல் நடப்பில் இருக்கும் சைட்டீஸ் என்ற, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு உண்டு. 'ஒன்றும் ஆகாது சார்' என்று கடைக்காரர் சொல்வது அனுமதிச் சீட்டு ஆகாது, அவர் தரும் பில்லும் ஆகாது.

பணம் கட்டும்போது கார்டு மிஷின் ஒரு கேள்வி கேட்கும்: உங்கள் நாட்டுப் பணத்தில் எடுக்கவா, உள்ளூர்ப் பணத்தில் எடுக்கவா என்று. நம் பணத்தில் தொகை தெரிகிறதே என்று முதலாவதை அழுத்தத் தோன்றும். உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். இல்லாவிட்டால் மாற்று விகிதத்தை உங்கள் வங்கிக்குப் பதிலாகக் கடையின் கார்டு மிஷினை நடத்தும் நிறுவனம் வைக்கும், அதில் அவர்கள் லாபமும் சேர்ந்திருக்கும்.

வரியைத் திரும்பப் பெறும் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். சுற்றுலாப் பயணி வாங்கிச் செல்லும் பொருளுக்கு விற்பனை வரியைத் திருப்பித் தரும் நாடுகள் நிறைய. கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டி அதற்கான படிவம் வாங்கியிருக்க வேண்டும். குறைந்தபட்சத் தொகைக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். சாப்பிட்ட பில்லுக்குக் கிடையாது. படிவத்தோடு விமான நிலையத்தில் சுங்க மேசைக்குப் போனால் 'பொருளைக் காட்டுங்கள்' என்று கேட்கக்கூடும். அதற்குள் பெட்டியை விமான நிறுவனத்திடம் கொடுத்தனுப்பிவிட்டால் கதை முடிந்தது. ஆகவே பெட்டியை அனுப்புவதற்கு முன்பு சுங்கம், பிறகுதான் மற்றது. காட்ட வேண்டிய பொருளை அடியில் புதைத்துவிட்டு, தரையில் பெட்டியைப் பரத்தி, அழுக்குத் துணியையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தையாவது அந்த வரிசையில் பார்க்கலாம். எல்லா நாட்டிலும் இந்தச் சலுகை உண்டு என்று நம்பி வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் கடையில் வாங்கி நாமே எடுத்து வரும் பொருளுக்கு 2021 தொடக்கத்திலிருந்து இதை நிறுத்திவிட்டார்கள்.

பெட்டி கட்டும்போது திரவத்தை நினைவில் வையுங்கள். 2006 ஆகஸ்டில் லண்டனில் விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று பிடிபட்ட பிறகு வந்ததுதான், கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் பாட்டில் கூடாது என்ற கட்டுப்பாடு. சில விமான நிலையங்களில் புது ஸ்கேனர் வைத்துத் தளர்த்தியிருக்கிறார்கள். நடுவே நீங்கள் விமானம் மாறும் இடத்தில் அது இருக்க வேண்டுமே! தேன், ஜாம், சாஸ் எல்லாம் அவர்கள் கணக்கில் திரவம்தான். அவற்றைத் துணிக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். பவர் பேங்க் நேர் எதிர்: கைப்பையில் மட்டும்தான். எடை பார்க்கத் தராசு இல்லையா? ஹோட்டல் உடற்பயிற்சி அறையில் எடை மிஷின் இருந்தால், பெட்டியோடு ஒரு தரம், பெட்டி இல்லாமல் ஒரு தரம் ஏறி நில்லுங்கள். கூடுதல் பணம் கட்டத் தயாராக இருந்தாலும், ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். தூக்குகிறவர்கள் முதுகும் முதுகுதானே.

சில்லறைக்கு ஒரு வழி. பணம் மாற்றும் கடைகளில் பொதுவாக நோட்டுத்தான் வாங்குவார்கள், நாணயம் வாங்க மாட்டார்கள். அதனால் கடைசிக் காப்பிக்குப் பில் வந்ததும் பையில் உள்ள காசையெல்லாம் மேசையில் கொட்டி எண்ணிக் கொடுத்துவிட்டு, குறைகிற பாக்கியைக் கார்டில் கட்டுங்கள். அப்படியும் மிஞ்சினால், சில விமானங்களில் ஐ.நா. குழந்தைகள் அமைப்பான யுனிசெஃபுக்காகக் காசு போடும் உறையோடு பணியாளர்கள் வருவார்கள். 1987 முதல் நடக்கிற வசூல் அது.

சாயங்காலச் சாப்பாட்டை விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிட வேண்டும். மேலே விமானத்தில் தருகிற சாப்பாட்டைக் குறை சொல்வதில் சமையல்காரர்மேல் பாதிப் பழிதான் நியாயம். ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலைமேல் இருப்பதற்குச் சமமான காற்றழுத்தம், வறண்ட காற்று, இடைவிடாத இரைச்சல் எல்லாம் சேர்ந்து நம் நாக்குக்கு உப்பையும் இனிப்பையும் மங்கச் செய்கின்றன. தக்காளிச் சாறு மாதிரி சில ருசிகள்தான் தாக்குப்பிடிக்கும். நீங்கள் கீழேயே திருப்தியாக உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால், தட்டு வரும்போது தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொள்ளலாம். சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போகச் சொல்வார்கள். வரியைத் திரும்பப் பெற வேண்டியவர்கள் அதோடு இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி உணவகத்தில் மேசைக்குச் சொல்லி வையுங்கள். நன்றி, வணக்கம்.