டேப்புக்கு ஒலி எங்கிருந்து போனது? கிரேட்ஃபுல் டெட் கச்சேரிப் பதிவுகள்

அவையோருக்கு வணக்கம்.

'டார்க் ஸ்டார்' பாட்டை 1968-ல் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டு இசைத்தட்டாக, வெளியிட்டது கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழு. மூன்று நிமிடம்கூட ஓடாது. மறு ஆண்டு வந்த 'லைவ்/டெட்' ஆல்பத்தில் அதே பாட்டு 23 நிமிடம். ஜெர்ரி கார்சியாவின் கிட்டாரும் ஃபில் லெஷ்ஷின் பேஸும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு எங்கெங்கோ போய்த் திரும்பும். இந்தக் குழுவை அறிய வேண்டுமானால் கச்சேரிப் பதிவுகளைத்தான் கேட்க வேண்டும். 1965 முதல் 1995 வரை சுமார் 2,300 கச்சேரிகள். எதை எடுப்பது? எல்லாரும் தேதியைக் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்பது, டேப்புக்கு ஒலி எங்கிருந்து போனது என்பதை.

மேடை மைக்குகளின் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்ஸிங் மேஜையிலிருந்து நேரடியாக எடுத்தது என்றதும் பலர் யோசிக்காமல் அதையே எடுத்துக்கொள்கிறார்கள். மேஜையில் இருக்கும் கலவை அரங்கத்துக்கானது, வீட்டில் கேட்பவருக்கானது அல்ல. சின்ன அரங்கில் கிட்டார் ஆம்ப்ளிஃபயரே காதைப் பிளக்கும். அதனால் மேஜையில் கிட்டாரைக் குறைத்து வைப்பார்கள். டேப்பில் குரல் முன்னால் நிற்கும், கிட்டார் எங்கோ தொலைவில் கேட்கும். ரசிகர்களின் ஆரவாரமும் அநேகமாக இருக்காது.

இதைப் புரிந்து வேலை செய்தவர் குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர்-ஜாக்சன். மேடை மைக்குகளின் சிக்னலைப் பிரித்து வாங்கி, டேப்புக்கென்றே தனியாக மிக்ஸ் செய்தார். 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்டன் ஹாலில் எடுத்த பதிவு அவருடையது. 2012-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்தக் கச்சேரியைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. 2017-ல்தான் முறைப்படி ஆல்பமாக வந்தது. 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' கரைந்து 'ஃபயர் ஆன் தி மவுன்டன்' ஆகும் இடத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். இரண்டு டிரம்மர்கள் சேர்ந்து வாசித்தும் பேஸின் ஒரு சுரம்கூட மங்கவில்லை. என்ன அருமையான காது அந்த அம்மையாருக்கு!

கூட்டத்தில் நின்று பதிவு செய்தவர்களையும் குறைத்து எண்ணாதீர்கள். 1984 அக்டோபரில் குழுவே அவர்களுக்கு ஒலி மேஜைக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கியது. பதிவை மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது என்பதே நிபந்தனை. முன்னாலிருந்து வரும் ஒலியை அதிகமாக வாங்கும் இரண்டு கார்டியாய்டு மைக்குகளை 17 செ.மீ. இடைவெளியில், 110 டிகிரி விரித்து, தலைகளுக்கு மேலே உயர்த்தி வைத்தால் மேடையின் அகலம் அப்படியே வரும். தாழ வைத்தால் பக்கத்து ஆளின் பேச்சும் கைதட்டலும்தான் பதிவாகும். ரொம்பப் பின்னால் போனால் பேஸ் எதிரொலியில் குழம்பிவிடும்.

இந்த இரண்டு வகையையும் கலப்பதை 'மேட்ரிக்ஸ்' என்கிறார்கள். மைக் ஸ்பீக்கரிலிருந்து 30 மீட்டர் தள்ளியிருந்தால் ஒலி அங்கே சேர ஏறத்தாழ 87 மில்லிசெகண்ட் ஆகும். அந்த அளவுக்கு மேஜைப் பதிவைத் தாமதப்படுத்தாவிட்டால் ஒவ்வொரு ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் டிரம்) அடியும் இரண்டு முறை விழும். தொடக்கத்தில் மட்டும் பொருத்திவிட்டுப் போனாலும் போதாது. இரண்டு ரெக்கார்டர்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஒவ்வொரு பாட்டிலும் ஸ்னேர் அடியை வைத்து மறுபடி சரிபார்க்க வேண்டும்.

1974 பதிவுகளில் குரல் சன்னமாகக் கேட்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆண்டு 'வால் ஆஃப் சவுண்ட்' என்ற ஸ்பீக்கர் சுவர் குழுவுக்குப் பின்னாலேயே நின்றது. ஃபீட்பேக் வராமலிருக்க ஒவ்வொரு பாடகருக்கும் இரண்டு மைக், ஒன்றுக்கொன்று எதிர் ஃபேஸில், அதாவது ஒன்றின் சிக்னல் மற்றதற்குத் தலைகீழாக. இரண்டிலும் சமமாக விழும் சுவரின் ஒலி ரத்தாகிவிடும். ஒன்றில் மட்டும் பாடும் குரல் தங்கும். உதடு மைக்கை விட்டுச் சற்று விலகினாலும் குரலும் சேர்ந்து ரத்தாகும்.

கடைசியாகச் சுருதி. ரெக்கார்டரின் பேட்டரி தளர்ந்து டேப் மெதுவாக ஓடியபடி பதிவாகியிருந்தால், சரியான வேகத்தில் போடும்போது சுருதி ஏறிவிடும். சுமார் 6 சதவீத வேறுபாடு அரைச் சுரத்துக்குச் சமம். கிட்டார் ட்யூனரை வைத்துப் பாருங்கள். பேட்டரி தளரத் தளரப் பிழையும் கூடுமாதலால், முழு டேப்புக்கும் ஒரே திருத்தம் போடாமல் பாட்டுக்குப் பாட்டு அளந்து திருத்துங்கள்.